பூனைகளை வில்லனாக்கிய படம்: ‘தி அன்கேனி’ (1977)

கேள்வி இதுதான்: பழைய ஆங்கிலத் திகில் படம் ஒன்று. ஒரு கிழவி சொத்தையெல்லாம் தன் பூனைகளுக்கு எழுதிவைக்கிறாள். இன்னொரு கதையில் ஒரு சிறுமி எலி அளவுக்குச் சுருங்கிப்போகிறாள். எல்லாக் கதையிலும் பூனைதான் பழிவாங்குகிறது. அது என்ன படம், இன்றைக்குத் தேடிப் பார்க்கும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறதா?

படம் ‘தி அன்கேனி’. 1977-ல் பிரிட்டனும் கனடாவும் கூட்டாகத் தயாரித்தது. இயக்கியவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த டெனி ஏரு. பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். ஆனால் பயப்படுவதற்காகப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். படம் முழுக்க ஒருவர் ‘பூனைகள் பொல்லாதவை’ என்று வாதாடுகிறார். அதற்கு அவர் காட்டும் மூன்று சாட்சிக் கதைகளிலும் கொலையை ஆரம்பித்து வைப்பது மனிதர்கள். இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தால்தான் படத்தில் சுவை. கீழே கதைகளின் முடிவுகளையும் சொல்லப்போகிறேன். தெரியாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் தொடங்குவது மான்ட்ரியலில். வில்பர் கிரே என்ற எழுத்தாளர் தன் கைப்பிரதியோடு பதிப்பாளர் ஃபிராங்க் ரிச்சர்ட்ஸின் வீட்டுக்கு வருகிறார். பூனைகள் மனிதரை ஆட்டிப்படைக்கின்றன, கண்காணிக்கின்றன, எதிர்ப்பவரைத் தீர்த்துக்கட்டுகின்றன என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை நிரூபிக்க மூன்று சம்பவங்களைச் சொல்கிறார். எழுத்தாளராக பீட்டர் குஷிங், பதிப்பாளராக ரே மில்லண்ட். அவநம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருக்கும் பதிப்பாளர் வீட்டிலேயே ஒரு பூனை இருக்கிறது என்பதுதான் இந்த இணைப்புக் கதையின் சூட்சுமம்.

இந்தமாதிரி ஒருவர் உட்கார்ந்து கதை சொல்ல, குட்டிக் கதைகள் விரிகிற வடிவம் பிரிட்டிஷ் திகில் படங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஈலிங் ஸ்டூடியோ 1945-ல் எடுத்த ‘டெட் ஆஃப் நைட்’ இதற்கெல்லாம் மூத்தது. 1960-களில் ஆமிகஸ் நிறுவனம் இதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டது. மில்டன் சுபாட்ஸ்கி, மேக்ஸ் ரோசன்பெர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கிலாந்தில் நடத்திய கம்பெனி அது. ‘டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்’ (1965) தொடங்கி ‘ஃப்ரம் பியாண்ட் தி கிரேவ்’ (1974) வரை இந்த வகையில் ஏழு படங்கள் எடுத்தார்கள். செலவைக் கட்டுப்படுத்த இது நல்ல வழி. ஒவ்வொரு கதையிலும் ஒரு பெரிய நடிகர் சில நாள் வந்து நடித்துவிட்டுப் போவார். விளம்பரத் தாளில் ஏழெட்டுப் பெயர் இருக்கும். எந்த நடிகருக்கும் முழுப் படத்துக்கான சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

சுபாட்ஸ்கி ஆமிகஸை விட்டு விலகிய பிறகு அதே சூத்திரத்தோடு வேறு கூட்டாளிகளைத் தேடினார். அப்படி அமைந்ததுதான் ‘தி அன்கேனி’. கனடாவில் அப்போது சினிமாவில் போடும் பணத்தை முழுவதுமாக வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. பல் மருத்துவர்களும் வக்கீல்களும் படத் தயாரிப்பில் பணம் போட்ட காலம். இதனால் எத்தனையோ குப்பைப் படங்கள் வந்தன. ஆனால் டேவிட் குரோனன்பெர்க் மாதிரி ஒரு திகில் பட இயக்குநர் வளர்ந்ததும் அதே சூழலில்தான். இந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான க்ளோட் ஏரு அடுத்த சில வருடங்களில் குரோனன்பெர்க்கின் ‘தி ப்ரூட்’, ‘ஸ்கேனர்ஸ்’, ‘வீடியோட்ரோம்’ படங்களைத் தயாரித்தார். டெனி ஏருவும் சாதாரண ஆள் இல்லை. 1969-ல் கியூபெக்கையே பரபரப்பாக்கிய ‘வலெரி’ அவர் எடுத்தது. பின்னால் தயாரிப்புப் பக்கம் போய், பிரெஞ்சு இயக்குநர் லூயி மாலின் ‘அட்லாண்டிக் சிட்டி’ (1980) படத்தைத் தயாரித்தார். அது சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. அவருடைய பட்டியலில் இந்தப் பூனைப் படம் கொஞ்சம் அசட்டுத்தனமாக நடுவில் நிற்கிறது என்பது உண்மை.

திரைக்கதை எழுதிய மிஷெல் பாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் திகில் கதைத் தொகுப்புகளுக்குப் பெயர்போனவர். 1972-லேயே ‘பிவேர் ஆஃப் தி கேட்’ என்று பூனைத் திகில் கதைகளை மட்டும் திரட்டி ஒரு புத்தகம் போட்டிருந்தார். ஆக, பூனையும் கையுமாக இருந்த ஒருவரிடம்தான் இந்த வேலை போய்ச் சேர்ந்தது. பூனையை வைத்து, அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் எட்கர் ஆலன் போ காலத்திலிருந்து யார் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று அவருக்கு அத்துப்படி. படத்திலும் அது தெரிகிறது, குறிப்பாக மூன்றாவது கதையில்.

முதல் கதை 1912, லண்டன். மிஸ் மால்கின் என்ற பணக்காரக் கிழவி உயிலைத் திருத்தி எழுதுகிறாள். இதுவரை வாரிசாக இருந்த மைக்கேலுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் பூனைகளுக்கு. அந்த வீட்டு வேலைக்காரி ஜேனட், மைக்கேலின் காதலி. வக்கீலின் பெட்டியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துவிடுகிறாள். இன்னொரு பிரதி கிழவியின் படுக்கையறைப் பெட்டகத்தில். ராத்திரி அதை எடுக்கப் போய் மாட்டிக்கொள்ள, தலையணையை வைத்துக் கிழவியின் மூச்சை நிறுத்துகிறாள். அப்புறம் வீடு முழுக்க இருக்கிற பூனைகள் அவளைச் சும்மா விடுவதில்லை. சாமான் அறைக்குள் ஓடிப் பூட்டிக்கொள்கிறாள். வெளியே பூனைகள் காவல். அவற்றுக்கும் பசி. வீட்டில் அவை தின்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்தால் பதில் தெரிந்துவிடும்.

மூன்றில் இதுதான் கொடூரமானது. பூட்டிய வீடு, பசி, பிணம். மந்திரம் தந்திரம் எதுவும் தேவையில்லை. நடிகர்கள் தேர்விலும் விஷயம் இருக்கிறது. மைக்கேலாக வரும் சைமன் வில்லியம்ஸ், ‘அப்ஸ்டேர்ஸ் டவுன்ஸ்டேர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் அதே காலத்து லண்டன் பெரிய வீட்டின் சின்ன எஜமானாக நடித்துப் பிரபலமானவர். அன்றைய பிரிட்டிஷ் பார்வையாளர் அவர் முகத்தைப் பார்த்ததுமே கதையின் பாதியைப் புரிந்துகொண்டிருப்பார். மாடியில் எஜமானர், கீழே வேலைக்காரர் என்ற அந்த உலகத்துக்குள்தான் பூனைகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். கிழவியாக வரும் ஜோன் கிரீன்வுட் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ படத்தில் நடித்தவர், அந்தக் கரகரத்த குரலை ஒருமுறை கேட்டால் மறக்காது. வக்கீலாக வருபவர் ரோலண்ட் கல்வர். மேலே சொன்ன 1945-ம் வருடத்து ‘டெட் ஆஃப் நைட்’ படத்தில் எல்லாரும் கூடிக் கதை சொல்லும் பண்ணை வீட்டின் சொந்தக்காரர் இவர்தான். வேண்டுமென்றே செய்தார்களோ தற்செயலோ, இந்த வகைப் படங்களின் தொடக்கத்தில் நின்ற மனிதர் அதன் வால் பகுதியிலும் வந்து நிற்கிறார். ஒளிப்பதிவு செய்த ஹாரி வாக்ஸ்மன் ‘பிரைட்டன் ராக்’, ‘தி விக்கர் மேன்’ படங்களை எடுத்தவர். அந்த இருட்டு வீடு பார்க்க நன்றாக இருப்பதற்கு அவர் காரணம்.

இரண்டாவது கதை 1975, கியூபெக். விமான விபத்தில் அப்பா அம்மாவை இழந்த லூசி என்ற சிறுமி, உறவினர் பிளேக் குடும்பத்தோடு வசிக்க வருகிறாள். கூடவே வெலிங்டன் என்ற கறுப்புப் பூனை, அம்மா விட்டுப்போன சூனியப் புத்தகங்கள். அந்த வீட்டுப் பெண் ஏஞ்சலா இவளைப் படாதபாடு படுத்துகிறாள். வீட்டுக்காரம்மாவுக்கும் பூனையைக் கண்டால் ஆகாது. கடைசியில் பூனையைக் கொன்றுவிடச் சொல்லி அனுப்புகிறார்கள். அது திரும்பி வருகிறது. லூசி புத்தகத்தைத் திறக்கிறாள். ஏஞ்சலா எலி அளவுக்குச் சுருங்குகிறாள். பூனை துரத்துகிறது. ஆனால் கடைசியில் அவளை முடிப்பது பூனை இல்லை. லூசியே காலைத் தூக்கி மிதித்துவிடுகிறாள்.

வில்பர் இதைப் பூனைக்கு எதிரான சாட்சியாகச் சொல்கிறார் பாருங்கள், அதுதான் வேடிக்கை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு நிற்கிற லூசிதான் இந்தக் கதையின் பயங்கரம். வெலிங்டன் எடுபிடி. ஏஞ்சலாவாக நடித்த குளோயி ஃபிராங்க்ஸ் ஆமிகஸ் பட ரசிகர்களுக்குப் பழக்கமானவர். 1971-ல் வந்த ‘தி ஹவுஸ் தட் டிரிப்ட் பிளட்’ படத்தில் கிறிஸ்டோபர் லீயின் மகளாக, மெழுகுப் பொம்மை செய்யும் குட்டிச் சூனியக்காரியாக நடித்த குழந்தை அவர். ஆறு வருடம் கழித்து அதே நடிகை இங்கே சூனியத்துக்குப் பலியாகிறார். இது தெரிந்து பார்த்தால் கதைக்கு ஒரு கூடுதல் ருசி.

ஆனால் தந்திரக் காட்சிகளில் இந்தக் கதை பரிதாபமாகத் தோற்கிறது. ராட்சத நாற்காலிக் கால், பின்னால் திரையில் ஓடும் பூனை, எப்போதாவது சட்டகத்துக்குள் நுழையும் பெரிய பொம்மைப் பாதம். எல்லாம் தனித்தனியாகத் தெரியும். இருபது வருடம் முன்னாலேயே, 1957-ல், ஜாக் ஆர்னால்ட் எடுத்த ‘தி இன்க்ரெடிபிள் ஷ்ரிங்கிங் மேன்’ படத்தில் சுருங்கிப்போன மனிதனை வீட்டுப் பூனை துரத்தும் காட்சி இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். இன்றைக்குப் பார்த்தாலும் பதறும். அங்கே பூனையின் கண்ணுக்கு அந்த மனிதன் எப்படித் தெரிவான் என்று யோசித்து எடுத்திருக்கிறார்கள். இங்கே பெரிய சாமான்களைச் செய்து வைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது கதை 1936, ஹாலிவுட். இதுதான் எனக்குப் பிடித்தது, இதைப் பிடிக்காதவர்களும் நிறையப் பேர். வாலண்டைன் டெத் என்ற திகில் பட நடிகர் (பெயரிலேயே சாவு, எழுதும்போது De’ath என்று நடுவில் ஒரு காற்புள்ளியைத் தூக்கி வைத்துப் பிரபு வம்சம் மாதிரி ஆக்கிக்கொள்கிறார்) படப்பிடிப்பில் போலிக் கத்திக்குப் பதில் நிஜக் கத்தியை மாட்டி மனைவியைக் கொல்கிறார். ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி இறங்கும் கத்தி, போவின் ‘பிட் அண்ட் தி பெண்டுலம்’ கதையில் வருவது. மனைவிக்குப் பதிலாக அதே படத்தில் தன் காதலி எடினாவை நடிக்க வைக்கிறார். அந்த அம்மாளுக்கு நடிப்பு சுத்தமாக வராது. செத்துப்போன மனைவியின் பூனை வீட்டில் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளை அவர் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டுவிடுகிறார். அதன் பிறகு தாய்ப்பூனை ஸ்டூடியோவுக்கே வந்துவிடுகிறது. செட்டில் இருக்கும் சித்திரவதைக் கருவிகள் ஒவ்வொன்றாக வேலை செய்யத் தொடங்குகின்றன. கடைசியில் வாலண்டைனின் நாக்கு பூனைக்குப் போகிறது.

வாலண்டைனாக டொனால்ட் ப்ளெசன்ஸ், எடினாவாக சமந்தா எகர். இரண்டு பேரும் மிகையாக நடிக்கிறார்கள், அதுவும் வேண்டுமென்றே. ப்ளெசன்ஸுக்கும் பூனைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1967-ல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ பாண்ட் படத்தில் மடியில் வெள்ளைப் பூனையைத் தடவிக்கொண்டே உலகத்தை மிரட்டிய புளோஃபெல்ட் அவர்தான். பத்து வருடம் கழித்துப் பூனையிடம் அடி வாங்க அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தேர்வுக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் குறும்புக்காரர். தயாரிப்பாளராக வரும் ஜான் வெர்னனும் (‘டர்ட்டி ஹாரி’ படத்தின் மேயர்) நன்றாகச் சிரிக்க வைக்கிறார். குட்டிகளைக் கொல்லும் இடம் மட்டும் இந்தக் கேலித்தொனியோடு ஒட்டவில்லை. பூனை வளர்க்கிறவர்கள் அந்தக் காட்சியைத் தாண்டிவிடலாம்.

சரி, ஏன் பயம் வரவில்லை? நான் நினைக்கிற காரணம் இது. பூனையின் முகத்தில் உணர்ச்சி எதையும் படிக்க முடியாது. சினிமாவுக்கு இது பெரிய வசதி. லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் நூறு வருடத்துக்கு முன்னால் காட்டினாரே, ஒரே வெறும் முகத்தைச் சோற்றுக்குப் பக்கத்தில் வெட்டி ஒட்டினால் பசியாகவும், பிணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் துக்கமாகவும் தெரியும் என்று. பூனை அந்தச் சோதனைக்கென்றே பிறந்த நடிகர். கிழவி கொலையானதும் ஒரு பூனை முகத்தைக் காட்டினால் போதும், அது பார்த்துவிட்டது, கணக்கு வைத்துக்கொண்டது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். படம் இப்படி நிதானமாகப் பூனையைப் பார்க்கவிடும் இடமெல்லாம் வேலை செய்கிறது.

தாக்குதல் வந்ததும் கெட்டுவிடுகிறது. நாயைப் பழக்கிக் கடிக்கிற மாதிரி நடிக்க வைக்கலாம். பூனை தீனிக்காக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வரும், உட்காரும், ஒன்றைத் தட்டிவிடும். கூட்டமாகப் பாய்ந்து மனிதரைக் கடித்துக் குதறும்படி அதை நடிக்க வைப்பது நடக்காத காரியம். ஆகவே நடிகை பூனையைத் தன் மேல் தானே பிடித்துக்கொண்டு அலறுகிறார். அடுத்த ஷாட்டில் யாரோ ஓரத்திலிருந்து தூக்கிப் போட்ட மாதிரி ஒரு பூனை பறந்து வருகிறது. பாவம், அதன் முகத்தில் தெரிவது கோபம் இல்லை, என்னை விட்டால் போதும் என்ற தவிப்பு. ஹிட்ச்காக் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் காக்கைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிகளில் ஒவ்வொன்றாக வந்து உட்காருவதை எத்தனை பொறுமையாகக் காட்டுகிறார் என்று நினைத்துப் பாருங்கள். பயம் அங்கே இருக்கிறது. 1942-ல் வந்த ‘கேட் பீப்பிள்’ இன்னும் ஒருபடி மேல். நீச்சல் குளத்துச் சுவரில் ஆடும் நிழலும் ஒரு உறுமலும்தான், மிருகத்தைச் சரியாகக் காட்டவே இல்லை.

படம் கவனிக்கப்படாமல் போனதற்கு நேரமும் ஒரு காரணம். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973), ‘தி ஓமன்’ (1976) வந்த பிறகு திகில் படத்தின் அளவே மாறிப்போனது. ‘ஜாஸ்’ (1975) வெற்றிக்குப் பிறகு விலங்குகள் மனிதரைத் தாக்கும் படங்கள் வரிசை கட்டின. 1977-ல் மட்டும் நாய்களை வைத்து ‘தி பேக்’, சிலந்திகளை வைத்து ‘கிங்டம் ஆஃப் தி ஸ்பைடர்ஸ்’, திமிங்கிலத்தை வைத்து ‘ஓர்கா’. இந்தக் கூட்டத்தில் பழைய பாணியில் மூன்று கதை சொல்லும் பூனைப் படம் எடுபடவில்லை. அதே வருடம் ஜப்பானில் நொபுஹிகோ ஒபயாஷி ‘ஹவுசு’ எடுத்தார், அதிலும் வெள்ளைப் பூனை ஒன்றுதான் வீட்டையே ஆட்டிவைக்கிறது. அங்கே பியானோ பெண்ணைத் தின்னும், சுவரோவியப் பூனை ரத்தம் கக்கும். அந்தப் படத்தை இன்று உலகமே கொண்டாடுகிறது. தந்திரக் காட்சிகள் அதிலும் போலியாகத்தான் தெரியும். ஆனால் ஒபயாஷி போலியை மறைக்கவே முயலவில்லை. ஏரு மறைக்கப் பார்த்தார், மாட்டிக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவில் படத்தைக் காப்பாற்றுகிறவர் குஷிங். அதே 1977-ல் அவர் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் கிராண்ட் மாஃப் டார்கினாக ஒரு கிரகத்தையே அழிக்க உத்தரவு கொடுக்கிறார், குரலில் ஒரு நடுக்கம் இல்லை. இங்கே அதே மனிதர் தெருவில் ஒரு பூனை திரும்பிப் பார்த்தால் உடம்பு வெலவெலத்துப் போகிறார். கைப்பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு பேசுகிற விதம், வாக்கியத்தின் நடுவில் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பும் கண், எதிலும் கேலி இல்லை. எத்தனை அற்பமான வசனமானாலும் அதை உயிர்ப் பிரச்சினையாகப் பேசுவது அவருடைய தொழில் தர்மம். அவர் வாதம் நமக்குப் பொய்யென்று தெரிகிறது, ஆனால் அவர் பயம் பொய் என்று தோன்றுவதே இல்லை. வீடு திரும்பும் வழியில் பூனைகள் அவரை முடித்துவிடுகின்றன. பதிப்பாளர் கைப்பிரதியை எடுத்துக் கணப்பு நெருப்பில் போடுகிறார், பக்கத்தில் அவர் பூனை பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்று கதைகள் நிரூபிக்காததை இந்தக் கடைசி ஐந்து நிமிடம் நிரூபித்துவிடுகிறது. இங்கே மட்டும்தான் பூனைகள் ஒரு குற்றமும் செய்யாத மனிதரைக் கொல்கின்றன.

பார்ப்பதாக இருந்தால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. செவரின் நிறுவனத்தின் ப்ளூ-ரே பதிப்பு இருக்கிறது. மங்கிப்போன பழைய டேப் பிரதிகளில் பார்த்துவிட்டு இதை ஒதுக்கியவர்கள் அந்தப் பதிப்பில் முதல் கதையை மட்டுமாவது மறுபடி பார்க்கலாம். இதே ருசியில் இன்னும் வேண்டுமென்றால் ஆமிகஸின் ‘டார்ச்சர் கார்டன்’ (1967) படத்தின் முதல் கதையைப் பாருங்கள். அதிலும் ஒரு பூனை, சொத்துக்கு ஆசைப்படும் ஒரு இளைஞன். அப்புறம் ஜான் கில்லிங்கின் ‘தி ஷேடோ ஆஃப் தி கேட்’ (1961). கிழவியைக் கொன்று உயிலை மறைக்கும் கும்பலை அவளுடைய பூனை ஒருவர் பின் ஒருவராகத் தீர்க்கிறது. பல இடங்களில் பூனையின் கண்வழியாகவே காட்சியை நீட்டிக் குலைத்துக் காட்டுவார்கள். மிஸ் மால்கின் கதைக்கு மூத்த அக்கா அது, என் கணக்கில் அதைவிட நல்ல படமும்கூட.